சிலந்தியின் பெயரைப் போட்டீர்கள், ஊரைப் போடவில்லையே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில் மந்திரத் தொப்பி மாதிரி இருக்கும் சிலந்தியைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. மொத்தமே ஆறு வரி. ஹாரி பாட்டர் கதையில் வருகிற தொப்பி போன்ற உருவம், இந்தியாவில் கண்டுபிடித்தார்கள், அதிசயப் பூச்சி, அவ்வளவுதான். அதையாவது போட்டீர்களே என்று முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏனென்றால் சிலந்தியைப் பற்றி நல்லவிதமாக ஒரு வரி அச்சில் வருவதே அபூர்வம். ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி அதை அப்படியே கத்தரித்துத் தன் நோட்டில் ஒட்டிவிட்டாள். அப்புறம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தேன். பார்த்ததும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் 27 வருஷம் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். பேராசிரியை இல்லை, பாடம் எடுத்தவளும் இல்லை. பாட்டில்களைத் துடைப்பது, ஸ்பிரிட் குறைந்தால் ஊற்றுவது, மைக்ராஸ்கோப் லென்ஸைத் துடைத்து வைப்பது, பெயர்ச்சீட்டு எழுதுவது, இதுதான் என் வேலை. அந்தப் பெயர்ச்சீட்டு விஷயத்தைச் சொன்னால்தான் நான் எதற்காக எழுதுகிறேன் என்பது உங்களுக்குப் புரியும். ஒரு வருஷம் துறையைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். அப்போது பழைய அலமாரியின் பின்னாலிருந்து நாற்பது பாட்டில் போல வெளியே வந்தது. உள்ளே சிலந்தி, தேள், நட்டுவாக்காலி, எல்லாம் எனக்கு முன்னால் இருந்த யாரோ சேகரித்தவை. சீட்டும் பாட்டிலுக்குள்ளேயே இருந்தது, ஆனால் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்ததால் மை ஸ்பிரிட்டில் கரைந்து, வெறும் வெள்ளைக் காகிதம்தான் மிதந்தது. பென்சிலில் எழுதியிருந்தால் இன்றைக்கும் இருந்திருக்கும். பேராசிரியர் ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, எந்த ஊரில் எந்தத் தேதியில் பிடித்தது என்று தெரியாவிட்டால் இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது அம்மா, எடுத்துக் கொட்டிவிடுங்கள் என்றார். நான்தான் கொட்டினேன். அதில் ஒரு சிலந்தியின் முதுகில் வெள்ளிக் கம்பி மாதிரி கோடு ஓடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அது என்ன இனமோ, எந்தத் தோட்டத்தில் வலை கட்டிக்கொண்டிருந்ததோ!

உங்கள் செய்தியைப் படித்ததும் எனக்கு அந்த வெள்ளைச் சீட்டுதான் நினைவுக்கு வந்தது. எந்தக் காட்டில் கிடைத்தது, எவ்வளவு பெரியது, எந்த வருஷம் எழுதினார்கள், யார் எழுதினார்கள், ஒன்றுமே அதில் இல்லை. போதாக்குறைக்குப் படம் வேறு சிலந்தியுடையது.

படத்தில் இருந்தது ஆர்ஜியோப் வகைச் சிலந்தி. மஞ்சளும் வெள்ளியுமாகப் பட்டை போட்ட முதுகு, இரண்டிரண்டு கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு வலையின் நடுவில் தலைகீழாக உட்கார்ந்திருக்கும், வலையில் பெருக்கல் குறி மாதிரி கெட்டியான வெள்ளை நூலில் வளைத்து வளைத்துப் போட்டிருக்கும். எங்கள் ஊர்ப் பக்கம் வேலிகளிலும் கள்ளியிலும் பட்டப்பகலில் பார்க்கலாம், மறைத்துக்கொள்ளவே செய்யாது. அழகான சிலந்திதான், ஆனால் செய்தியில் சொன்ன சிலந்தி அதற்கு நேர் எதிரான குணம் உள்ளது.

அதன் பெயர் எரியோவிக்ஸியா கிரிஃபிண்டோரி. 2016 டிசம்பரில் இந்தியச் சிலந்தியியல் ஆய்விதழில் ஜாவேத் அகமது, ராஜஸ்ரீ கலப், சுமுகா ஜவகல் என்ற மூன்று பேர் சேர்ந்து அதை முதன்முதலாக விவரித்து எழுதினார்கள். உடல் நீளம் ஏழு மில்லிமீட்டர். ஒரு நெல்மணியைக் கையில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். வயிற்றுப் பகுதி அடியில் அகலமாகத் தொடங்கி, போகப் போகக் குறுகி, நுனியில் கொஞ்சம் வளைந்து வால் மாதிரி நீண்டிருக்கும். உடம்பெல்லாம் பூனைமயிர், நிறம் காய்ந்த இலையின் பழுப்பு. பகலில் கால்களை மடக்கி உடம்போடு ஒட்டிக்கொண்டு கிளையில் உட்கார்ந்துவிட்டால், காம்போடு சுருண்ட சருகு என்றுதான் நினைப்போம். தொட்டால்கூட உதிர்ந்துவிடும் போலத் தெரியும். இரவில்தான் நடமாட்டம். உங்கள் செய்தியில் இதில் ஒரு வரி வந்திருந்தால்கூடப் போதும், குழந்தைகள் மறுநாளே தோட்டத்துச் சருகுகளைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

பெயரைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுப் பெயர் வைத்து விஞ்ஞானத்தைக் கெடுக்கிறார்கள் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், நான் அந்தக் கட்சி இல்லை. அந்தக் கதையில் பிள்ளைகளை எந்த விடுதியில் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் பழைய கூம்புத் தொப்பி ஒன்று வரும், அது கோட்ரிக் கிரிஃபிண்டோர் என்பவருக்குச் சொந்தமாக இருந்தது. சிலந்தியின் உருவம் அச்சு அசலாக அந்தத் தொப்பி மாதிரி இருந்ததால் அவர் பெயரை வைத்தார்கள். ஆண் ஒருவரின் பெயரோடு கடைசியில் 'இ' ஓசையைச் சேர்த்தால் லத்தீனில் 'அவருடைய' என்று பொருள், அதனால் கிரிஃபிண்டோரி. யாரும் திரும்பிப் பார்க்காத முதுகெலும்பில்லாத உயிர்கள் மேல் நாலு பேரின் கவனம் விழட்டும் என்றுதான் இப்படிப் பெயர் வைத்ததாக அவர்கள் அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். அது நடந்தும் விட்டது. அந்தக் கதைகளை எழுதியவரே ட்விட்டரில் வாழ்த்துச் சொன்னார், உலகம் முழுக்கச் செய்தி ஆனது. இதே போல 2019-இல் ஒரு குதிக்கும் சிலந்திக்கு சச்சின் டெண்டுல்கர் பெயர் வைத்தார்கள், அது கேரளம், குஜராத் தவிர நம் தமிழ்நாட்டிலும் இருக்கிற சிலந்தி. 2021-இல் மகாராஷ்டிரத்தில் கிடைத்த இன்னொரு குதிக்கும் சிலந்திக்கு, மும்பைத் தாக்குதலில் பயங்கரவாதியின் துப்பாக்கியை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு உயிர்விட்ட காவலர் துக்காராம் ஓம்ப்ளேயின் நினைவாக இசியஸ் துக்காராமி என்று பெயர். அந்தப் பெயரைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு பெயர் வாசலைத் திறந்துவிடுகிறது, சரி. திறந்த வாசலுக்குள் வாசகரை அழைத்துப் போக வேண்டியது பத்திரிகையின் வேலை இல்லையா? நீங்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டீர்கள் என்பதுதான் என் குறை.

'பூச்சி' என்று போட்டதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டுக்கால் பூச்சி என்று நாமே காலம் காலமாகச் சொல்கிறோம், வீட்டுப் பேச்சில் அது தப்பே இல்லை, நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிற பக்கத்தில் வரும்போது, பூச்சிகளுக்கு ஆறு கால், தலை மார்பு வயிறு என்று மூன்று பகுதி, தலையில் உணர்கொம்பு உண்டு, சிலந்திக்கு எட்டுக் கால், இரண்டே பகுதி, உணர்கொம்பும் கிடையாது சிறகும் கிடையாது, தேளும் உண்ணியும்தான் அதன் உறவு என்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? பரீட்சையில் ஒரு மார்க் கேள்வியாகவும் வருகிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 'கண்டுபிடித்தார்கள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்களே, அந்த வார்த்தைக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்று நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எங்கள் துறையில் ஆராய்ச்சி செய்த மாணவர் ஒருவர் ஒரு சிலந்தியை வைத்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்திருந்தார். மைக்ராஸ்கோப்பின் கீழே எட்டுக் கண்களையும் அளக்க வேண்டும், எந்தக் கண்ணுக்கும் எந்தக் கண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி என்று குறிக்க வேண்டும். ஒவ்வொரு காலிலும் ஏழு துண்டு உண்டு, தொடை தொடங்கி நுனிப் பாதம் வரை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரை அளந்து பட்டியல் போட வேண்டும். வாயருகே இருக்கும் கொடுக்கில் எத்தனை பல், காலில் எங்கெங்கே முள், வயிற்றின் மேலே என்ன கோலம், கீழே என்ன நிறம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் முடிவான சோதனை, இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு. பத்திரிகையில் இதை எழுதக் கூச்சப்படுவீர்கள், ஆனால் சிலந்தியில் இனத்தைப் பிரிப்பதே பெரும்பாலும் அதை வைத்துத்தான். நிறம் வயசுக்கு வயசு மாறும், வெயிலுக்கும் நிழலுக்கும் மாறும், ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு குஞ்சுகள்கூட ஒரே நிறத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பெண்ணின் அடிவயிற்றில் இருக்கும் அந்தச் சிறிய தகட்டின் வடிவம் மட்டும் இனத்துக்கு இனம் வேறாக, ஓர் இனத்துக்குள் பெரும்பாலும் ஒன்று போலவே இருக்கும். பூட்டும் சாவியும் மாதிரி என்று அந்த மாணவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பேனா வைத்து அதைப் படம் வரைவார், பத்துத் தடவையாவது அழித்து வரைந்திருப்பார்.

அதோடு விட்டதா? இதற்கு முன்னால் வேறு யாராவது, வேறு ஊரில், வேறு பெயரில் இதையே எழுதிவிட்டார்களா என்று தேட வேண்டும். இந்தியச் சிலந்திகளைப் பற்றி 1900-இல் போகாக் எழுதியது, 1982-இல் டிக்கேடர் எழுதியது என்று ஆரம்பித்து, பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதியவை வரை புரட்ட வேண்டும். விலங்குகளுக்கு விஞ்ஞானப் பெயர் வைப்பது 1758-இலிருந்துதான் கணக்கு. ஆனால் கார்ல் கிளெர்க் என்ற ஸ்வீடன்காரர் சிலந்திகளைப் பற்றி 1757-இலேயே எழுதிவிட்டார். அவருடைய பெயர்களை இழக்க மனமில்லாமல், அவர் புத்தகமும் 1758 ஜனவரி 1-ஆம் தேதி வந்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதியே போட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு மரியாதை வேறு எந்த விலங்குக் கூட்டத்தைப் பற்றிய புத்தகத்துக்கும் அந்த விதியில் இல்லை. எரியோவிக்ஸியா என்ற பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டம், 1951-இல் ஆர்ச்சர் என்பவர் பிரித்து வைத்தது. அதில் ஏற்கெனவே இந்தியாவில் தெரிந்த இனங்கள் உண்டு, பூனா நகரத்தின் பெயரால் ஒன்றுகூட இருக்கிறது. அந்த எல்லாவற்றிலிருந்தும் இது எங்கே வேறுபடுகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினால்தான் 'புதிய இனம்'. அந்தப் புதியது என்ற சொல்லுக்குப் பொருள் விஞ்ஞான ஏட்டுக்குப் புதியது என்பதுதான். சிலந்தி அங்கே மனுஷன் வருவதற்கு முன்னாலிருந்தே வலை கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும், அந்தக் காட்டோரத்தில் சுள்ளி பொறுக்கப் போன யாரோ ஒரு பெண் அதைச் சருகு என்று நினைத்துத் தட்டிவிட்டும் போயிருப்பாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2016-இல் விவரித்து எழுதப்பட்டது பெண் சிலந்தி மட்டும்தான். வட்டவலை கட்டும் சிலந்திகளில் ஆண் பெரும்பாலும் சின்னது, வளர்ந்த பிறகு வலை கட்டிக்கொண்டு ஓர் இடத்தில் உட்காராது, பெண்ணைத் தேடி அலைந்து சீக்கிரம் செத்தும் போகும், அதனால் கண்ணில் படுவதே கஷ்டம். ஆணையோ பெண்ணையோ ஒன்றை மட்டும் வைத்து எழுதப்பட்ட இனங்கள் உலகத்தில் ஏராளம். இதைப் படிக்கிற ஒரு குழந்தைக்கு, அடடா, அப்போது நான் வளர்ந்து அதன் ஆணைத் தேடலாமே என்று தோன்றாதா? கண்டுபிடித்தாயிற்று, முடிந்தது என்ற தொனியில் எழுதினால் எப்படித் தோன்றும்?

சரி, ஊருக்கு வருகிறேன். எனக்கு மிகவும் மனக்கஷ்டமாக இருந்தது இதுதான். 'இந்தியாவில்' என்று போட்டிருந்தீர்கள். இந்தியா என்பது ராஜஸ்தான் மணலும்தான், லடாக் பனியும்தான். இந்தச் சிலந்தி கிடைத்தது கர்நாடகத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் நடுப் பகுதியில், கான் காடுகளில். கான் என்றால் கன்னடத்தில் அடர்ந்த காடு. நமக்குப் புதுச் சொல்லா அது? கான், கானகம் என்று நாம் சொல்கிற அதே சொல்தான், இரண்டு மொழிக்கும் ஒரே வேர். சிவமொக்கா, உத்தர கன்னடம் மாவட்டங்களில் மலைநாடு என்று சொல்லும் பகுதியில், சுற்றிலும் இலை உதிர்க்கிற காடும் வயலும் புல்வெளியுமாக இருக்க, நடுநடுவே வருஷம் முழுக்கப் பச்சையாகவே நிற்கிற காட்டுத் துண்டுகள்தான் கான். உள்ளே சாமி இருக்கும், அதனால் ஊர்க்காரர்கள் கோடாரி வைக்க மாட்டார்கள். காட்டு மிளகும் கூந்தல்பனையும் அங்கே உண்டு, அதன் பலனை மட்டும் எடுத்துக்கொண்டு மரத்தை விட்டுவைத்தார்கள். அதற்குள்ளிருந்து வருகிற நீரோடைதான் கீழே வயலுக்கும் பாக்குத் தோப்புக்கும் போகும். நம் பக்கத்துக் கோயில்காடுகளை நினைத்துக்கொள்ளுங்கள், அய்யனாருக்கும் கருப்பருக்கும் விட்டுவைத்த தோப்புகளை, அதே எண்ணம்தான். வெள்ளைக்காரன் காலத்தில் அந்த ஊர்க்காரர்களின் உரிமையைக் குறைத்து, காட்டைத் துண்டு துண்டாக்கினார்கள். பிறகு தோட்டப்பயிருக்கும் சாகுபடிக்கும் இன்னும் கொஞ்சம் போனது.

அப்படி மிஞ்சிய ஒரு காட்டில் கிடைத்தது அந்தச் சிலந்தி என்று ஒரே ஒரு வாக்கியம் போட்டிருந்தால், படிக்கிறவர்களுக்கு அந்தத் தொப்பியை விட அந்தக் காடு பெரிதாகத் தெரிந்திருக்கும். காய்ந்த இலையாக நடிக்கிற சிலந்திக்குச் சருகு தொங்குகிற கிளை வேண்டும், சருகைக் கூட்டி எரிக்கிற இடத்தில் அது எதன் நடுவே போய் ஒளியும்? மேற்குத் தொடர்ச்சி மலை 1,600 கிலோமீட்டர் நீளம், அதன் தெற்குப் பகுதி நம் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தெரிகிற மலை. 2012-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சொத்து என்று அறிவித்தபோது நீங்கள் முதல் பக்கத்தில் போட்டீர்கள், அந்தத் தாள் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அந்த மலையின் சொத்துக் கணக்கில் ஏழு மில்லிமீட்டர் சிலந்தியும் சேர்த்தி இல்லையா?

இதைச் சொன்னால் எங்கள் தெருவில் ஒருவர், அதைப் பிடித்துக் கொன்று பாட்டிலில் போட்டுவிட்டு என்ன பாதுகாப்பு பேசுகிறீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பாட்டில்களோடேயே வாழ்ந்தவள் நான், ஆரம்பத்தில் எனக்கும் அந்த உறுத்தல் இருந்தது. புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரு மாதிரியை, ஹோலோடைப் என்பார்கள், இந்தப் பெயர் இந்த உடம்புக்கு உரியது என்று குறித்துப் பாதுகாத்து வைக்கிறார்கள். ஐம்பது வருஷம் கழித்து இன்னொருவர் சந்தேகம் வந்து திறந்து பார்த்து, ஆமாம் இதுதான் என்றோ இல்லை நீங்கள் எழுதியது தப்பு என்றோ சொல்ல முடிவது அந்த ஒன்று இருப்பதால்தான். பெயர் இல்லாத உயிருக்காக யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது, அறிக்கையில் எழுத முடியாது, காட்டை வெட்ட வருகிறவர்களிடம் காட்டவும் முடியாது. துடைப்பத்தால் நாம் ஒரு வாரத்தில் அடித்துத் தள்ளுகிற எட்டுக்கால் பூச்சிகளை நினைத்துப் பாருங்கள், அதில் ஒன்றையாவது எதற்காகவாவது வைத்துக்கொண்டோமா?

துடைப்பம் என்றதும் நினைவுக்கு வருகிறது. உடம்பில் எங்கே கொப்புளம் வந்தாலும் எட்டுக்கால் பூச்சி ஊர்ந்துவிட்டது என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அந்தப் பழி பெரும்பாலும் வீண்பழி. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கணக்குப்படி உலகத்துச் சிலந்திகள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 40 கோடியிலிருந்து 80 கோடி டன் வரை இரை தின்கின்றன, அதில் மிகப் பெரும்பகுதி பூச்சிகள்தான். நெல் வயலில் பச்சைத் தத்துப்பூச்சியையும் புகையானையும் தின்பவை எவை என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள், வரப்பில் வலை கட்டுகிறவற்றைக் காட்டுவார்கள்.

என் வீட்டுத் திண்ணையிலும் ஒன்று இருக்கிறது. பழுப்பு நிறம், வேப்பங்கொட்டை அளவு, பகலில் எங்கே ஒளிகிறது என்று இதுவரை நான் பார்த்ததில்லை. இருட்டிய பிறகு தூணுக்கும் செம்பருத்திக்கும் நடுவே முதலில் ஒரு நூல் காற்றில் பறந்து போய் ஒட்டும். அதன் மேலே நடந்து பலப்படுத்தும், அப்புறம் சட்டம், அப்புறம் வண்டிச் சக்கரத்துக்கு ஆரக்கால் வைப்பது போல நடுவிலிருந்து நூல்கள். அது முடிந்ததும் நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி ஒட்டாத நூலில் ஒரு தற்காலிகச் சுருள், கொத்தனார் சாரம் கட்டுவதைப் போல. பிறகு வெளியிலிருந்து உள்ளே வந்துகொண்டே பசை நூலைப் போட்டு, சாரத்தைப் பிரித்துவிடும். பேத்தியும் நானும் ஒருநாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தோம், முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. விடிவதற்கு முன்னால் வலையைச் சுருட்டித் தின்றுவிடுகிறது. தின்ற நூலின் புரதம் வீண் போகாது, மறுபடி நூலாகவே வெளியே வரும். திருவானைக்காவில் நாவல் மரத்தடி லிங்கத்தின் மேல் சருகு விழாமல் ஒரு சிலந்தி வலைப்பந்தல் போட்டது, யானை அதைப் பிய்த்துப் போடப் போட மறுபடி கட்டியது, அதுவே அடுத்த பிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று என் பாட்டி சொன்ன கதையைப் பேத்திக்குச் சொன்னேன். தினமும் இரவில் அது கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் அந்தக் கதையைக் கொஞ்சமும் சந்தேகப்படவில்லை.

பேத்தி என்னிடம் கேட்டது, பாட்டி, இதுதான் அந்தத் தொப்பிச் சிலந்தியா? நான் இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. இதே எரியோவிக்ஸியா பேரினத்தில் லாக்லைஸி என்று ஓர் இனம், 1877-இல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்ததை வைத்து சீமோன் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது, இந்தியாவிலிருந்து நியூ கினி வரை பரவியிருக்கிறது. அதற்கும் பின்பக்கம் வால் மாதிரி நீண்டிருக்கும். அதனால் வாலைப் பார்த்ததும், செல்போனில் படம் எடுத்ததும் இனத்தைச் சொல்லிவிட முடியாது. உங்கள் செய்தியைப் படித்துவிட்டு நாலைந்து பேராவது தங்கள் தோட்டத்திலும் தொப்பிச் சிலந்தி இருப்பதாக உங்களுக்கு எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களை ஊக்கப்படுத்துங்கள், ஆனால் படத்தோடு ஊர், தேதி, எந்தச் செடி, எத்தனை மணி என்று எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது இருந்தால் நாளைக்குத் தெரிந்தவர் ஒருவர் பார்க்கும்போது பயன்படும், இல்லாவிட்டால் நான் கொட்டிய அந்த நாற்பது பாட்டில் கதைதான்.

இது தீர்ந்துபோன துறை இல்லை. உலகச் சிலந்திப் பட்டியல் ஒன்றை சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்துப் பராமரிக்கிறார்கள். 2022 ஏப்ரலில் அதில் 50,000-ஆவது இனம் ஏறியது, அது தென் அமெரிக்காவின் ஒரு குதிக்கும் சிலந்தி. கிளெர்க் காலத்திலிருந்து அந்த எண்ணிக்கையை எட்ட 265 வருஷம் ஆகியிருக்கிறது, இன்னும் அதே அளவு இனங்கள் பெயர் இல்லாமல் இருக்கலாம் என்கிறார்கள். கொலம்பியாவில் பாட்டு டிகுவா என்று ஒன்று, ஆண் 0.37 மில்லிமீட்டர்தான், அதன் பெயர் ஏட்டில் ஏறியது 1977-இல். உப்புத் தூளில் ஒரு கல் அளவுள்ள உயிரை ஒருவர் சருகைச் சலித்துத் தேடி எடுத்து, அளந்து, வரைந்து, பெயர் வைத்திருக்கிறார்! அந்த உழைப்பை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது. அதைத்தான் 'அதிசயம்' என்ற ஒரு சொல்லில் அடைத்துவிடாதீர்கள் என்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த முறை புதிய இனம் என்று எதைப் பற்றி எழுதினாலும், தவளையோ மீனோ சிலந்தியோ, எந்தக் காடு அல்லது எந்த ஓடை, என்ன அளவு, யார் எந்த வருஷம் எழுதினார்கள், எதிலிருந்து அதைப் பிரித்து அறிந்தார்கள், ஆண் பெண் இரண்டும் கிடைத்ததா, இதற்கு நாலு வரி ஒதுக்குங்கள். ஆறு வரிச் செய்தி பத்து வரி ஆகும், அவ்வளவுதான். படத்தை மட்டும் அந்த இனத்தைப் பற்றித் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். கிடைக்கவில்லை என்றால் படம் இல்லாமலே போடலாம், தப்பான படத்துக்கு அது எவ்வளவோ மேல்.

பேத்தியின் நோட்டில் ஒட்டிய அந்தப் படத்தை நாங்கள் பிய்க்கவில்லை. அதன் கீழே அவள் எழுதியிருந்த பெயரை மட்டும் அழித்துவிட்டு, ஆர்ஜியோப், வேலியில் இருக்கும், பகலில் பார்க்கலாம் என்று பென்சிலில் எழுதினோம். எதிர்ப் பக்கத்தில் எரியோவிக்ஸியா கிரிஃபிண்டோரி, கான் காடு, கர்நாடகம், 2016, ஏழு மில்லிமீட்டர், பெண் என்று எழுதி, மேலே படம் ஒட்டும் அளவுக்கு ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறாள். சரியான படத்தை நீங்கள் எப்போது வெளியிட்டாலும் அந்தக் கட்டத்துக்குள் அடங்குகிற அளவில் போட்டால் நன்றாக இருக்கும். ஒரு தீப்பெட்டி அளவு போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
உடுமலைப்பேட்டை